மேற்கே பறந்த அம்மன்

எங்கள் வீட்டில் ஓர் அமெரிக்க அம்மன் இருந்தாள். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து ஐயம்பேட்டையில் வேறு எந்த வீட்டுக்கும் அந்தப் பெருமை கிடையாது. கம்ப்யூட்டர் வேலைக்காக அமெரிக்கா போன என் தாய்மாமா, ஊருக்கு வந்த யார் கையிலோ சாமான் கொடுத்தனுப்பியிருந்தார். சாக்லேட்டுக்கு அடியில் அந்த ஊர்ப் பழைய படம் ஒன்றும் சுருட்டி வைத்திருந்தது. வெள்ளைப் புடவை மாதிரி எதையோ சுற்றிக்கொண்டு, நெற்றியில் நட்சத்திரத்தோடு ஒருத்தி வானத்தில் பறந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் புத்தகம், ஆகவே சரஸ்வதி. இன்னொரு கையிலிருந்து நீளமாக ஓர் இழை போயிற்று. அது தந்திக் கம்பி என்று கூலிக்குப் பட்டு நெய்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? பட்டு இழைதான் என்று அம்மா முடிவுகட்டி, கண்ணாடி போட்டுத் தறிக்கு நேர் மேலே மாட்டினாள். தலையை விரித்துப் போட்டிருக்கிறாளே, வாகனத்தையும் காணோமே என்று அத்தை இழுத்தாள். கீழே ரயில் போகிறதே, அதுதான் வாகனம் என்று அப்பா முடித்துவைத்தார்.

தறியில் புதுப் பாவு ஏற்றும் நாளெல்லாம் அவளுக்குக் கற்பூரம் காட்டினோம். வேலையும் தடையில்லாமல் வந்தது. நாங்கள் நன்றி கெட்டவர்கள் இல்லை.

வம்பு என்னால் வந்தது. தறிக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்திருந்த ஒரு மத்தியானம், படத்தின் இடது மூலையைக் கவனித்தேன். அங்கே இருட்டில் சிலர் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் இடுப்பில் குழந்தை. ஓடுகிறவர்கள் அம்மனைத் திரும்பிப் பார்த்த முகம் கும்பிடுகிற முகமாக இல்லை. அசுரர்கள் என்றாள் அத்தை. அசுரர்கள் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டா வருவார்கள்? வெளிச்சம் இருக்கிற பக்கம் கிழக்கு, இவள் மேற்கே போகிறாள் என்று அப்பா வேறு விளக்கிவிட்டார். எங்கள் வீடு தெருவின் மேற்குக் கோடி; அடுத்து அவள் துரத்தப்போவது எங்களைத்தான். அன்றிலிருந்து அந்தக் கூடத்தில் படுக்க மாட்டேன், படத்தைக் கழற்றுங்கள் என்று ஒரே அடம்.

மாமா லீவில் வந்தார். விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். இது சாமியே இல்லையாம். அங்கே குடியேறியவர்கள் ஒரு காலத்தில், இந்தக் கடலிலிருந்து அந்தக் கடல் வரைக்கும் கடவுள் தங்களுக்கே எழுதிவைத்த பூமி என்று நம்பி, வண்டி கட்டிக்கொண்டு மேற்கே மேற்கே போனார்களாம். அந்த நம்பிக்கைக்குத்தான் இப்படி ஒரு பெண்ணுருவம். எல்லாம் சும்மா கிடந்த நிலம் என்றார்.

"அப்ப இவங்க யாரு மாமா?" என்று மூலையைக் காட்டினேன்.

"அவங்க முன்னாடியே அங்க இருந்தவங்க," என்றவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அம்மா தறியிலிருந்து எழுந்து வந்தாள். படம் இறங்கப்போகிறது என்று நினைத்தேன். ஆசையாக அனுப்பிய அவள் தம்பியின் முகம் வாடிவிடும் என்பதும் எனக்கே தெரிந்தது. அம்மா கழற்றவில்லை. அம்மன் தலைக்கு மேலிருந்த கனகாம்பரத்தை எடுத்து, இடது மூலையில், குழந்தையோடு ஓடுகிறவளுக்குப் பக்கத்தில் செருகினாள்.

"மாகறல் ஊராண்ட நம்ம குடிசைங்களைப் பிரிச்சப்ப, சும்மா கெடக்குற நெலம்னுதான் சொன்னாங்க, தம்பி. நம்ம அம்மா ஒன்ன இடுப்புல வெச்சிக்கினு இப்படித்தான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கினே வந்துச்சு."

மாமா மறுநாள் காலை பஸ் பிடித்துக் காஞ்சிபுரம் போய், பை நிறையப் பூ வாங்கி வந்தார்.

அந்தப் படம் இன்றும் அம்மாவின் கூடத்தில் இருக்கிறது. அந்த மூலையில் பூ இல்லாத நாள் இல்லை. தம்பி மனமும் நோகாமல், ஓடியவர்களையும் மறக்காமல், என் பயத்தையும் சேர்த்து ஒரு முழம் பூவில் தீர்த்துவைத்தவள் அவள். அப்படி ஒருத்திக்குப் பிள்ளையாகப் பிறந்ததற்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

அன்று அதெல்லாம் எனக்கு எங்கே தெரிந்தது? ஓடுகிறவர்களுக்குப் பூ வைத்தாயிற்று, இனி அம்மன் துரத்த மாட்டாள் என்ற நிம்மதியில் பழையபடி தறிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். மாமா ஸ்டூல் மேல் ஏறி, மூலையில் பூச்சரத்தைத் தொங்கவிட்டார். பிறகும் இறங்காமல், அந்த இடுப்புக் குழந்தையின் மேல் விரலை வைத்துத் தடவிக்கொண்டே நின்றார். கண்ணாடியில் தூசி துடைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.