ஒருநாள் பேராசிரியர்

சும்மா யாரும் யார் வீட்டுக்கும் வருவதில்லை என்பது என் கட்சி. அதனால் என் கணவரின் பழைய மாணவர் ஒருவர் மூன்றாவது தடவையாக மட்டிப்பழக் குலையோடு வாசலில் வந்து நின்றபோது, பழத்தை வாங்கி வைத்துவிட்டு ஆளை உற்றுப் பார்த்தேன்.

"சாரப் பாத்துட்டுப் போலாம்னு சும்மா வந்ததாக்கும் மேடம்" என்றார்.

அவர் கருங்கல் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரிக்குத் தாளாளர். காலை ஆறு மணிக்கு எழுந்தால் ஆயிரம் வேலை இருக்கிற மனிதர். அப்படிப்பட்டவர் வேலையற்றுப்போன வாத்தியாரின் காலைத் தொட்டுக் கும்பிடுகிறார், முட்டுவலிக்குத் தைலம் சொல்கிறார், 'உங்க கிளாஸ் மாதிரி வருமா சார்' என்று கண் கலங்குகிறார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். ஆடு மட்டும் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தது.

நானும் என் கணவரும் பேராசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். அவர் இயற்பியல், நான் தாவரவியல். அவர் எல்லாரையும் நம்புவார், நான் ஒருவரையும் நம்பமாட்டேன். பிறவிக் குணம் பாதி, மீதியைத் தந்தது ஆய்வுக்குழு வேலை. கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கலாமா என்று பார்க்கப் போகும் குழுக்களில் பல வருடம் இருந்திருக்கிறேன். பிளாஸ்டிக் உறை பிரிக்காத நூலகப் புத்தகங்களைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ஒருநாள் மட்டும் வாடகைக் காரில் வந்து இறங்கும் பேராசிரியர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் பாடம் பற்றி ஒன்றும் கேட்கமாட்டேன். "பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்பேன். திருதிருவென்று விழிப்பார்கள்.

என் கணவர் ஊரில் வேறு மாதிரிப் பேர் எடுத்தவர். செய்முறைத் தேர்வில் கல்லூரி முதல்வரின் சொந்தக்காரப் பையனுக்கே அரை மதிப்பெண் கூட்டிப் போட மறுத்தவர். "அந்த சாரா? நடக்காது" என்று சொல்லியே ஆட்கள் திரும்பிப் போவார்கள். பணம் சேர்க்கவில்லை, இந்தப் பேரைத்தான் சேர்த்தோம். அதுவும் போய்விடுமோ என்ற பயம், அவர் பீரோவைத் திறந்து சான்றிதழ் கோப்பை எடுத்து நகல் போடக் கொண்டுபோன அன்று எனக்குள் நுழைந்தது.

"எதுக்கு?" என்றேன்.

"சும்மா, வீட்ல ஒரு காப்பி கெடக்கட்டும்."

மறுவாரம் ஷூவுக்குப் பாலிஷ் போட்டார். சலவைச் சட்டை, டை. குழித்துறையில் இருக்கும், தன்னோடு வேலை பார்த்த நண்பருக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். நோயாளியைப் பார்க்க டை எதற்கு? அவர் தெரு முனை திரும்பியதும் அந்த நண்பருக்கே போன் போட்டேன்.

"எனக்கா? எனக்கென்ன கேடு? குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏன், யாராவது செத்துட்டேன்னு சொன்னாங்களா?"

நான் நேரே கருங்கலுக்குப் பஸ் ஏறினேன்.

கல்லூரி வாசலில் கோலம், வாழைமரம். கைத்தறிப் புடவையும் மூக்குக்கண்ணாடியும் தோல்பையுமாக இறங்கி நடந்த என்னைப் பார்த்ததும் காவல்காரர் பதறி எழுந்து சல்யூட் அடித்தார். "வாங்க மேடம், மத்தவங்க எல்லாம் சாப்பிடப் போயாச்சு." ஆய்வுக்குழுவில் ஒருத்தி பிந்தி வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை. கையில் இளநீர் வந்தது. வராந்தாவில் பெயின்ட் வாடை மூக்கைத் துளைத்தது. ஓர் அறைக் கதவில் என் கணவரின் பேர், கீழே துறைத்தலைவர் என்று எழுதிய புதுப் பலகை. இளநீரை அந்தக் கதவடியிலேயே வைத்துவிட்டு நடந்தேன்.

பக்கத்து வகுப்பில் அவர் குரல் கேட்டது. குளத்தில் நிற்கிறவனின் கால் ஏன் குட்டையாகத் தெரிகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முன் வரிசைப் பெண்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி வெள்ளை ஷூ. அதே நிர்வாகம் நடத்தும் நர்சிங் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டுவந்து உட்கார்த்தியிருந்தார்கள்! வாத்தியாரும் இரவல், பிள்ளைகளும் இரவல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு போர்டு பக்கம் திரும்பிப் படத்தை வரைந்து முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

"இது கள்ளம்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அந்தப் பிள்ளைகளும் இங்க உள்ளதுங்க இல்ல."

"அதுவும் தெரிஞ்சுது. பாடத்துல என்னென்னவோ கேக்குதுங்க. ரிட்டையர் ஆனதுக்கப்புறம் எங்கிட்ட யாரு கேள்வி கேட்டா? நீ கேக்க, மாத்திரை போட்டாச்சான்னு."

அதற்குள் சாப்பாடு முடித்து ஏப்பத்தோடு குழு வந்துவிட்டது. தலைவர் என்னோடு பழைய குழுக்களில் இருந்தவர், என் கணவரையும் அறிந்தவர். என்னைப் பார்த்து, "மேடம், நீங்க எங்க இங்க?" என்றார். பின்னால் நின்ற தாளாளரின் முகம் வெளுத்தது. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கல்லூரி கிடக்கட்டும், என் கணவரின் பேர் மாவட்டம் முழுக்க நாறிவிடும். "சாரக் கூட்டிட்டுப் போக வந்தேன்" என்றேன்.

தலைவர் கதவுப் பலகையைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார். "சார் இங்க எவ்வளவு காலமா இருக்கீங்க?"

அவர் டையைச் சரிசெய்துகொண்டு நிதானமாகச் சொன்னார்:

"இன்னைக்குக் காலைலேர்ந்து."

தலைவர் கடகடவென்று சிரித்தார். "சாருக்கு இன்னும் குசும்பு போகல, பாத்தீங்களா!" குழுவும் சிரித்தது. தாளாளர் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அடுத்த ஆய்வகத்துக்குப் போனார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் எங்களுக்குப் பின் இருக்கைதான் கிடைத்தது. திங்கள்சந்தை தாண்டியதும் அவர் டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டே கேட்டார்.

"நான் உள்ளதத்தானே சொன்னேன்?"

"ஆமா."

"பின்ன ஏன் அவரு நம்பல?"

இந்த மனிதருக்கு இதைக்கூட நான்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

"நம்பினாரு. அதனாலதான் சிரிச்சாரு. இல்லன்னா ரிப்போர்ட்ல எழுதணும்லா" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீடு வரும்வரை என் முகத்தை அவர் பார்க்கவில்லை.