அம்மாவுக்கு மறந்துபோன பதில்

இந்த முறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் விவரங்களை நாமே செல்போனில் நிரப்பிவிடலாமாம். யாரும் வாசலில் வந்து உட்கார்ந்து கேட்க வேண்டியதில்லை என்று என் கணவர் பெரிய விடுதலை போலச் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாதியைக் கேட்கும் அந்தக் கட்டத்தை நினைத்துப் போனைத் தொடாமலே நாளைத் தள்ளுகிறேன். இப்போது ஆரப்பாளையத்தில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரரிடம் எங்களைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறோம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது ஒத்தக்கடையில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு ஒத்தக்கடையில் ஒரு கல்லூரியில் எலக்ட்ரீசியன் வேலை கிடைத்தது. வேலை கிடைத்த சுருக்கில் வீடு கிடைக்கவில்லை. வாடகை, தண்ணீர், கரண்ட் என்று பேச்சு நல்லபடியாகவே போகும். கடைசியில், "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்பார்கள். அப்பா உள்ளதைச் சொல்வார். உடனே, அந்த வீட்டுக்கு ஏற்கெனவே ஆள் பேசி முடித்தது அவர்களுக்கு நினைவுக்கு வந்துவிடும். ஏழெட்டு வாசல் ஏறி இறங்கிய பிறகு, இந்த வீட்டில் மட்டும் அப்பா வேறொரு சாதியின் பெயரைச் சொன்னார். அன்றைக்கே சாவி கைக்கு வந்தது. இதெல்லாம் நான் பெரியவளான பிறகு அம்மா சொன்னவை.

கீழே வீட்டுக்காரம்மா இருந்தார். அவர் எனக்கு அத்தை, அம்மாவுக்கு மதினி. அம்மாவின் கருவாட்டுக் குழம்புக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் கிண்ணத்தோடு மாடி ஏறி வருவார். வெள்ளந்தியான மனுஷி என்று அம்மா சொல்வாள். அதில் பொய் இல்லை.

கணக்கெடுக்க வந்தது என் வகுப்பு டீச்சர். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெயிலில் அலைந்து வந்தவரை எதற்கு மாடி ஏறவிட வேண்டும் என்று, அத்தை போர்ட்டிகோவிலேயே நாற்காலி போட்டு மோர் கொடுத்து, எங்களைக் கீழே கூப்பிட்டார். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இங்க சொல்றது எதுவும் வெளிய போகாதும்மா. எல்லாம் ரகசியமா வச்சிருப்பாக" என்றார் டீச்சர். அத்தை பக்கத்துத் தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பெயர், வயது, படிப்பு எல்லாவற்றுக்கும் அம்மா டக்டக்கென்று பதில் சொன்னாள். பிறகு டீச்சர் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "எஸ்.சி., எஸ்.டி. எதுலயும் வருவீகளாம்மா?" என்றார்.

அம்மா அத்தையைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். "இல்லைங்க டீச்சர்."

டீச்சருக்கு உண்மை தெரியும். என் ஸ்காலர்ஷிப் பாரத்தை நிரப்பியவரே அவர்தான். ஆனாலும் அம்மா சொன்னபடியே எழுதப் பேனாவைத் தாளில் வைத்தார். அவர் அதோடு விட்டிருப்பார். நான்தான் விடவில்லை. என் டீச்சர் முன்னால் என் அம்மா, படிக்காமல் வந்த பிள்ளை மாதிரி தப்பாகச் சொல்கிறாளே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

"இல்ல டீச்சர், அம்மா மறந்துட்டாக. நாங்க எஸ்.சி." என்றேன். அதோடு நிற்காமல், சான்றிதழில் இருந்த சாதிப் பெயரையும் வாய்ப்பாடு சொல்லும் ராகத்தில் ஒப்பித்தேன்.

டீச்சர் "சரி சரி" என்று குனிந்துகொண்டார். அத்தை மோர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

அரசாங்கம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. அந்தத் தாளில் எழுதியது இன்றுவரை வெளியே போயிருக்காது. போர்ட்டிகோவில் காதில் விழுந்ததற்குத்தான் யாரும் பொறுப்பில்லை. அடுத்த ஞாயிறு அம்மா கொடுத்தனுப்பிய குழம்பு, அத்தைக்கு வயிறு சரியில்லை என்று மூடி திறக்காமலே திரும்பி வந்தது. அதற்கடுத்த வாரம் அத்தை படியேறாமல் கீழே நின்றபடியே சொன்னார்: "ஏம்மா, மகனுக்குக் கல்யாணம் பேசியிருக்கோம். மாடி வேணும். மாசக் கடைசிக்குள்ள வேற பாத்துக்கங்க."

ஒரு கடுஞ்சொல் கிடையாது. இருந்திருந்தால் அப்பாவும் நாலு வார்த்தை கேட்டிருப்பார். பொய் சொன்னது அவராகிவிட்டதால் அதற்கும் வழியில்லை. மாதம் முழுக்க வேறு வீடு தேடினார், கிடைக்கவில்லை. ஊருக்கே திரும்பினோம். அதன்பிறகு வேலைக்குப் போக அவர் தினமும் விடியுமுன் கிளம்பி இரண்டு பஸ் மாறினார். கடைசிவரை அவருக்கு டவுனில் ஒரு வீடு அமையவே இல்லை. குழந்தைதானே, உனக்கென்ன தெரியும் என்று எல்லோரும் தேற்றுகிறார்கள். எனக்கு ஆறவில்லை. இனி ஆறும் என்ற நம்பிக்கையும் இல்லை.

சாமான்களை லோடு ஆட்டோவில் ஏற்றிய அன்று அத்தை கேட் அருகில் நின்றார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அத்த, கல்யாணத்துக்கு எங்களையும் கூப்புடுவீகல்ல?"

"கூப்புடாம இருப்பமா, கண்ணு" என்று அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

ஊருக்குப் போன பிறகு, தபால்காரர் வரும்போதெல்லாம் கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வராது என்று அம்மா ஒருநாளும் சொல்லவில்லை. அத்தையின் ஒரே மகன் அப்போது பதினோராம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். தினமும் காலையில் யூனிபார்மோடு அவன் சைக்கிளில் போவதைப் பார்த்தவள்தான் நான். அவனுக்கா கல்யாணம் என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.