ஒரு சிட்டிகை நவச்சாரம்

குழந்தைகளே, பெரியகுளத்தில் நான் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிவந்த காலம். ரசாயனம் படித்த உங்கள் சித்தப்பா, திருவிதாங்கூர்க் கடல்மணலிலிருந்து மாதக்கணக்கில் பாடுபட்டு சீரியம் குளோரைடு என்ற உப்பை எடுத்திருந்தான். அதன் உள்ஈரத்தைப் போக்கிக் காட்டினால் மதுரைக் கல்லூரியில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். என் உலையைத்தான் நம்பினான்.

"அண்ணே, வெறுமனே சுட்டாக் கெட்டுப்போகும். ஆறு பங்கு நவச்சாரம் கலந்து சுடுங்க."

"ஏலே, நவச்சாரத்தைப் பத்தி எனக்கே சொல்றியா? ஈயம் பிடிக்க அண்டாவுக்கே ஒரு சிட்டிகை போதும்டா!"

அவன் அந்தப் பக்கம் போனதும் ஒரு சிட்டிகைதான் போட்டேன்.

சுட்டு ஆறியதைத் தண்ணீரில் போட்டான். தெளிவாகக் கரைய வேண்டிய உப்பு மாவாக அடியில் தங்கியது.

"ஈரத்தோட உப்புல இருந்த அமிலமும் போயிருச்சுண்ணே. அது போகாம இருக்கத்தான் அவ்வளவு நவச்சாரம் கேட்டேன். நாளைக்கு அவுக கேட்டாகன்னா என்னத்தைக் காட்டுவேன்?"

திட்டவில்லை. மதுரைக்கும் போகவில்லை. ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறியவன், காய்ச்சல் கண்டு அங்கேயே இறந்துபோனான்.

எதற்கு அவ்வளவு நவச்சாரம் என்று அன்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு இன்னும் ஆறவில்லை.