ஒட்டாத நைலான்

எண்பதுகளின் நடுவில் நியூ ஜெர்சியில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் நான் இன்ஜினியர். கார்களுக்கான நைலான் எண்ணெய்த் தொட்டிகள் செய்தோம். ஒவ்வொன்றும் இரண்டு பாதிகளாக வரும். சூடான தகட்டில் இரண்டின் விளிம்பையும் உருக்கி, தகட்டை விலக்கி, சட்டென்று சேர்த்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு சூடு, எத்தனை நொடி, எவ்வளவு அழுத்தம், ஆற எவ்வளவு நேரம் என்ற நாலும் சரியாக இருந்தால் போதும் என்று நம்பினேன். படித்த திமிர்தான், வேறென்ன.

அந்தக் குளிர்காலத்தில், ஒட்டிய தொட்டிகள் காற்றடித்துச் சோதித்ததும் பிளந்தன. ஏன் என்று சத்தியமாகப் புரியவில்லை. சூட்டைக் கூட்டினேன், குறைத்தேன். அழுத்தத்தை மாற்றினேன். திங்கட்கிழமை நைலான் பாதிகள் புதுப் பெட்டிகளில் வரும். அன்று நன்றாக ஒட்டும். புதன்கிழமை பிளக்கும். அதே இயந்திரம், அதே நைலான். நைலானுக்குக் கிழமை தெரியுமா என்ன? மண்டை காய்ந்துபோனது.

இயந்திரத்தை ஓட்டியவர் ஐம்பதைத் தாண்டிய ஓர் அமெரிக்கப் பெண்மணி. சூடான தகட்டில் பட்டதும் நைலான் சிர்ரென்று சத்தம் போடுகிறது, முன்பெல்லாம் இப்படி இல்லை என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். சத்தம் என்னுடைய நாலில் இல்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

கோளாறு இயந்திரத்திலா ஆளிலா, வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடு என்றார் மேனேஜர். என் கிரீன் கார்டு விண்ணப்பத்தில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். ‘தெரியவில்லை’ என்று எழுத எனக்குப் பயம். இயந்திரத்தில் கோளாறில்லை, ஆகவே ஆளிடம்தான் என்று எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண்மணியை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் புது ஆள் கிடைக்கும்வரை நானே இயந்திரத்தில் நின்றேன். புதன்கிழமை என் தொட்டிகளும் பிளந்தன. உடைந்த விளிம்பைப் பார்த்தால் ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி பொத்தல் பொத்தலாக இருந்தது. தகட்டில் சிர்ரென்ற சத்தமும் கேட்டது. அவர் கையில் கோளாறு என்றால் என் கைக்கு என்ன வந்தது? குழப்பத்தோடு குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொண்டது. சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை ஜெர்சி சிட்டி வீட்டுச் சமையலறையிலிருந்து மனைவி கத்தினாள்.

“இங்க வந்து பாருங்க! கேபினட் கதவு உப்பிப் போயி மூடவே மாட்டேங்குது. ரைஸ் குக்கர அதுக்கு நேர் கீழ வெச்சு ஆன் பண்ணாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? ஆவி பூரா அதுலதான் ஏறுது.”

நான் அப்படியே நின்றுவிட்டேன். தொழிற்சாலையிலும் எனக்கு ஒரு சின்ன குக்கர் இருந்தது. சாப்பாட்டு அறையில் வைத்தால் என்ன வாசனை என்று கேட்பார்களே என்ற கூச்சத்தில், ஜன்னலில்லாத சரக்கு அறையில், அலமாரியின் அடித்தட்டில் ஒளித்துவைத்து, அந்தக் குளிர்காலம் தொடங்கியதிலிருந்து தினமும் தயிர்சாதத்துக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தேன். மேல்தட்டுகளில் திறந்த பெட்டிகளில் நைலான் பாதிகள். நைலான் ஈரத்தை உறிஞ்சும் என்பது கல்லூரியில் படித்ததுதான். சூட்டில் அந்த ஈரம் ஆவியாகிக் கொப்புளிக்கிறது, ஒட்டு பொத்தலாகிறது.

திங்கட்கிழமை குக்கரை அப்புறப்படுத்தினேன். மிச்சமிருந்த பழைய பாதிகளை ஒரு நாள் முழுக்க ஈரத்தை உலர்த்தும் அடுப்பில் வைத்து எடுத்து ஒட்டினேன். ஒன்றுகூடப் பிளக்கவில்லை.

மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சோறா, சோறா என்று இரண்டு முறை கேட்டார். கண்டுபிடித்தாயே, அது போதும் என்று தோளில் தட்டினார். அந்தப் பெண்மணி, என்று இழுத்தேன். அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாகிவிட்டது, இனி அதைக் கிளறாதே என்றார். அவர் மேஜைமேல் என் விண்ணப்பம் கிடந்தது, இன்னும் கையெழுத்தாகாமல். சரி என்றேன். வெளியே வரும்போது அவரோடு சேர்ந்து கொஞ்சம் சிரித்ததாகக்கூட ஞாபகம். எதற்குச் சிரித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

மனைவியிடம் சனிக்கிழமையே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் ஆவலாகக் கேட்டாள். “என்ன சொன்னாங்க? அந்த அம்மாவத் திரும்பக் கூப்பிட்டுட்டாங்களா?”

“கூப்பிட்டுட்டாங்க” என்றேன்.