நீலம் பாய்ந்த காளை

எங்கள் செலியமேட்டில் விருத்தாம்பாளைப் பிடிவாதக்காரி என்பார்கள். எதிர்வீட்டுக்காரி நான் சொல்கிறேன், அந்த வார்த்தை அவளுக்குப் போதவே போதாது. புருஷன் சாமிநாதன் பிரெஞ்சுக்காரனின் சைகோன் பட்டாளத்துக்குக் கப்பல் ஏறிவிட்டான். கொஞ்சம் நஞ்செயும் இரண்டு காளைகளும்தான் அவளுக்குக் கதி.

அந்த ஆவணியில் ஒரு காளை, பால் விடாத காப்பி நிறத்தில் ரத்த மூத்திரம் பெய்து செத்தது. அடுத்து மற்றதும் அப்படியே பெய்து, தலை தொங்கிப் படுத்தது. அதுவும் போனால் உழவு இல்லை. நிலத்தை, பக்கத்துத் தொழுவத்தில் மாடு கட்டும் கொழுந்தன் தங்கவேலுவிடம் விட்டுவிட்டுக் கூலிக்குத்தான் போக வேண்டும்.

புதுச்சேரிக்கு நடந்தே போய் மாட்டு டாக்டரை அழைத்து வந்துவிட்டாள், மகராசி!

"ரத்தத்துல கிருமிம்மா. ரத்த அணுவுக்குள்ள பூந்து, ரெண்டாப் பிரிஞ்சி, அத வெடிக்க வெச்சிட்டு அடுத்ததுல பூரும். அந்த ரத்தத்த உண்ணி குடிச்சா, அது இடுற முட்டைக்கும் கிருமி போவும். பொரிஞ்ச குஞ்சு கடிச்சா அடுத்த மாடு படுக்கும்" என்றார் அவர். கழுத்து நரம்பில் நீல மருந்தை ஏற்றினார். "வாயி, கண்ணு எல்லாம் நீலமாவும். பயப்படாத."

அவர் போனபின் காளையின் ஈறும் கண்ணும் நீலமாயின. தெருவே கூடிவிட்டது.

"ஐயையோ, நீலம் பாஞ்சிடுச்சே! வெஷம் ஏறிடுச்சி!"

தங்கவேலு இரும்பைப் பழுக்கக் காய்ச்சிக்கொண்டு வந்தான். "தள்ளிக்க அண்ணி. வவுத்துல சூடு போட்டா வெஷம் எறங்கும்."

நானும்தான் "போடட்டும்டி" என்றேன். நீலம் பாய்ந்த உயிர் பிழைத்து யார் பார்த்தது?

விருத்தாம்பாள் உலக்கையோடு குறுக்கே நின்றாள். "செத்தா ஊசியில சாவட்டும். உன் சூட்டுல சாவ வேணாம். கிட்ட வந்த, மண்ட ஒடஞ்சிடும்!"

அன்றிலிருந்து தொழுவத்தை விட்டு நகரவில்லை. உலக்கையை மடியில் கிடத்திக்கொண்டு, காளையின் காதிலும் தாடையிலும் ஒட்டிய உண்ணிகளைப் பிடுங்கி மண்ணெண்ணெயில் போட்டாள். 'பொம்பளைக்கு இவ்வளவு திமிரா' என்று ஊர் கரித்துக் கொட்டியது. மூத்திரமோ சிவப்பாகவே வந்தது.

ஒரு காலையில் காளை கால் நடுங்க எழுந்து நின்று பெய்தது. ஓடிப்போய் இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்தாள். மஞ்சள். வெறும் மஞ்சள்! புருஷன் கப்பல் ஏறியபோதும் அழாதவள், சாணியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நானும் அழுதேன், பொய் எதற்கு.

சத்தம் கேட்டுத் தங்கவேலு சூட்டு இரும்போடு ஓடிவந்து வாயைப் பிளந்து நின்றான். அவள் முகத்தைக்கூடத் துடைக்கவில்லை.

"இன்னா பாக்குற? உன் மாட்டு உண்ணிதான் இங்கயும் ஊருது. அந்த இரும்பத் தூக்கிப் போட்டுட்டு, போயி அதுங்களப் புடுங்கு."

அவன் அசையவில்லை. உலக்கையை எடுத்தாள். போனான்.