ஜமேதார் சாப் என்று முழுசாகக் கூப்பிடு

பட்டாளத்தில் ஒரு விதி உண்டு. காகிதத்தில் பதவியைச் சுருக்கலாம், வாயில் சுருக்கக் கூடாது. சுபேதாருக்கு ‘சுப்.’, ஜமேதாருக்கு ‘ஜெம்.’, அவல்தாருக்கு ‘ஹவ்.’ என்று எழுதிப் புள்ளி வைத்தால் போதும். ஆனால் நேரில் பார்த்தால் ‘ஜமேதார் சாப்’ என்று முழுசாகச் சொல்ல வேண்டும், சொல்பவர் வெள்ளைக்காரக் கர்னலே ஆனாலும். அவல்தாருக்கும் அவருக்குக் கீழே இருப்பவர்களுக்கும் அந்த ‘சாப்’ மரியாதை கிடையாது. சண்டைக்கு பஸ்ராவரை போய் ஜமேதாராகத் திரும்பிய என் அண்ணன் சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடத்தில் வைஸ்ராய்களின் வரிசையை உருப்போட்டதைவிட வேகமாக இதை உருப்போட்டேன்.

ஆம்பூரில் எங்கள் அப்பா வேலை செய்த, தோல் பதனிடும் ஷாப்பின் மேஸ்திரி எங்களைச் சுருக்கும்போது புள்ளிகூட வைக்கமாட்டான். அவன் ஊர்க்காரன், நாங்கள் சேரி. அப்பாவுக்கு அவன் அப்பன் வயசு இருக்கும். அப்பாவின் பெயரில் முதல் இரண்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு, தோலில் ஒட்டிய சதையைச் சீவுகிற மாதிரி மிச்சத்தைச் சீவி எறிந்துவிட்டு ஒரு ‘டேய்’ ஒட்டுவான். அவ்வளவுதான் அப்பா.

ஷாப்பு முதலாளி சாயபு, வாசலுக்குப் பட்டாளத்து ஆள் ஒருத்தர் வேண்டும் என்றார். அண்ணன் போனார். சம்பளம் பேசவில்லை.

“ஒண்ணே ஒண்ணு சாயபு. என்னை எல்லாரும் ஜமேதார் சாப்னு கூப்பிடணும்.”

“அவ்ளோதானா? ஜமேதாரை வேற எப்படிக் கூப்பிடுவாங்க?” என்று சிரித்தார் அவர்.

எனக்கும் அங்கேயே ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்தது. சேர்ந்த அன்றைக்கே வாசல் பலகையில் வெள்ளைப் பெயிண்டால் ‘ஜெம்.’ போட்டு அண்ணன் பெயரை எழுதினேன். மேஸ்திரி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு படித்தான்.

“இன்னாடா இது ஜெம்மு?”

“ஜமேதார்னு அர்த்தம். எழுதறப்ப அப்படி. கூப்பிடறப்ப ஜமேதார் சாப்” என்றேன்.

“ஓஹோ! எழுதறப்ப நீ வெட்டுவ, கூப்பிடறப்ப நான் வெட்டக் கூடாதா?” அண்ணன் பக்கம் திரும்பினான். “பஸ்ராவுல ஒட்டகச் சாணி அள்ளினவனுக்கு சாப்பு கேக்குதா?”

“அள்ளினப்ப நான் சிப்பாய், மேஸ்திரி. இப்ப ஜமேதார்” என்றார் அண்ணன்.

வேலை நேரத்தில் பெரிய கேட் பூட்டியிருக்கும். சாயபுவின் மோட்டாருக்கு மட்டும்தான் திறப்பார்கள். மற்றவர்கள் அதிலிருக்கும் சின்னக் கதவு வழியாகக் குனிந்து போக வேண்டும். இரண்டுக்கும் சாவி அண்ணனிடம். மேஸ்திரி “டேய் வாட்ச்மேன்” என்பான். அண்ணன் ரோட்டைப் பார்த்தபடி நிற்பார். கணக்குப்பிள்ளை வந்து முழுசாகக் கூப்பிட்ட பிறகுதான் கதவு திறக்கும். அதுவரை மேஸ்திரி வெயிலில் நின்று பல்லைக் கடிப்பான். ஜன்னல் வழியாக அதைப் பார்ப்பது எனக்குச் சாப்பாடு மாதிரி இருந்தது.

அண்ணன்மேல் கை வைக்க முடியாதவன் அப்பாமேல் வைத்தான். மரப்பட்டைச் சாற்றில் தோலை ஊறவைக்கிற பட்டைத் தொட்டியில் வேலை செய்தவரை, தோலின் மயிரை உதிர்க்கிற சுண்ணாம்புக் குழிக்கு மாற்றினான். வாலிபர்களுக்கே முழி பிதுங்குகிற வேலை அது. சீக்கிரமே அப்பாவின் விரலிடுக்கெல்லாம் வெந்து, சோற்றைப் பிசைய முடியாமல் போயிற்று.

“ஒரு வார்த்தைக்காக என் கை வேகணுமாடா?” என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். சாயபுவிடம் சொல்லலாம் என்றால் அவர் மெட்ராஸ் போயிருந்தார்.

அடுத்த நாள் மத்தியானம், எல்லாரும் இருக்கும்போது மேஸ்திரி அப்பாவைக் குழியிலிருந்து ஏறி வரச் சொன்னான்.

“போய் உம்புள்ளைய ‘டேய் வாட்ச்மேன்’னு கூப்பிடு. அவன் திரும்பினா நீ பட்டைத் தொட்டிக்குப் போலாம். இல்லாட்டி நாளையிலேர்ந்து வராத.”

நான் ஆபீசிலிருந்து ஓடி வந்தேன். “அவர் இன்னாத்துக்குக் கூப்பிடணும்? வாய் இருந்தா நீ கூப்பிடு!”

“நீ பேனாவைப் பிடிடா” என்று என்னைத் தோளில் தள்ளினான்.

அப்பா வாசலுக்குப் போனார். முழங்கால்வரை சுண்ணாம்பு வெள்ளை.

“டேய் வாட்ச்மேன்” என்றார்.

கூட்டத்தில் யாரோ கெக்கலித்தான். அண்ணன் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்தது. எனக்கு அந்த நிமிஷத்தில் இரண்டு பேர்மேலும் ஆத்திரம்.

“இன்னும் சத்தமா!” என்றான் மேஸ்திரி.

அப்பா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேஸ்திரியைப் பார்த்தார். பிறகு கேட்டுக்கு இன்னும் கிட்டப் போய், பின்னால் இருந்த கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“ஜமேதார் சாப்! கதவைத் தொறடா. நான் வூட்டுக்குப் போறேன்.”

அண்ணன் திரும்பினார். சாவியை எடுத்தார். சின்னக் கதவைத் தொடவில்லை. பெரிய கேட்டின் பூட்டைத் திறந்து, இரண்டு பக்கமும் முழுசாகத் தள்ளினார்.

“யாரைக் கேட்டுடா தொறந்த?” என்று மேஸ்திரி கத்தினான். மோட்டார் போகிற தடத்தின் நடுவில், குனியாமல், அப்பா நடந்து போனார்.

மெட்ராஸிலிருந்து வந்த சாயபு, “எனக்கு பேஜார் வேணாம்பா” என்று மூன்று பேரையும் அனுப்பிவிட்டார். கொடுத்த வாக்கை நான் நினைவுபடுத்தினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

இப்போது ராணிப்பேட்டையில் வேறொரு ஷாப்பு வாசலில் அண்ணன் நிற்கிறார். அங்கேயும் சம்பளம் பேசவில்லை. அப்பாவின் கை ஆறிவிட்டது. ஆம்பூர் பஜாரில் அந்த மேஸ்திரி எதிரே வந்தால் நான் ஒதுங்குவதில்லை. அவன்தான் ஒதுங்கிப் போகிறான், போகட்டும்.