எஸ்தர் அக்காவின் கணினி பேசியது

நண்பர்களே, இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். குழந்தை இப்போதுதான் உறங்கினாள். மூச்சு சீராக வருகிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு உட்கார்ந்தேன்.

முந்தாநாள் காலை கண்டமங்கலத்திலிருந்து எஸ்தர் அக்காவின் தம்பி போனில் பேசினார். "எஸ்தர் அக்கா போய்ட்டாங்க. நெஞ்சு வலின்னாங்க, ஜல்தியாத்தான் வண்டி எடுத்தோம்..." தொட்டிலை ஆட்டிய என் கை நின்றுவிட்டது.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடங்களை ஒலிப்பதிவு செய்யும் நம் திண்டிவனம் நிலையத்தின் குரல் அவர்கள். அவர்களுக்கும் பார்வை இல்லை. பிரெயில் புத்தகத்தைத் தடவியபடி வாசிப்பார்கள். லினக்ஸ் கணினியில் திரையைப் படித்துச் சொல்லும் குரல்தான் அவர்களுக்குக் கண்.

ஒருமுறை நிலையத்துக்குப் புதிய பதிவு மென்பொருள் வந்தது. அதைத் திறந்தாலே அந்தக் குரல் அடைத்துக்கொள்ளும். இரண்டு ஸ்பீக்கர் மாற்றினோம். நான் வயரை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். பொறுப்பாளர் அக்காவிடம் சொன்னார்: "பேஜாரா இருக்குதும்மா. நீங்க போன் எடுக்கற வேலைக்கு மாறிக்குங்களேன்."

"ஒரு வாரம் குடுங்க சார். அப்பவும் இது வாய தெறக்கலன்னா நானே போறேன்."

அன்று முதல் தினமும் திரையில் வந்த பிழைச்செய்தி வரிகளை எழுத்தெழுத்தாக நான் படித்தேன், அக்கா கேட்டார்கள். ஐந்தாம் நாள் சிரித்தார்கள்.

"கண்டுபுடிச்சிட்டேன்டி! சிஸ்டத்துலயே நல்ல ஆடியோ லைப்ரரி இருக்குது. இது என்னாடான்னா, கல்யாண வீட்டுக்குப் பழைய சோத்த மூட்ட கட்டி எடுத்துக்கினு வந்து, பந்திய அடச்சிக்கினு உக்காந்துகினு இருக்குது. மத்தவங்க எங்க உக்காருவாங்க?"

மென்பொருள் தன்னோடு கொண்டுவந்த பழைய லைப்ரரிக்கு, அதாவது ஒலியைக் கையாளும் நிரல் தொகுப்புக்கு, மற்ற நிரல்களோடு ஒலியைப் பகிரத் தெரியவில்லை. அக்கா அது இருந்த ஃபோல்டரின் பெயரை மட்டும் மாற்றினார்கள். தன்னுடையதைக் காணாத மென்பொருள், சிஸ்டத்தில் இருந்ததையே எடுத்துக்கொண்டது. பொறுப்பாளர் முன்னால் மென்பொருளைத் திறந்தார்கள். "பதிவு தயார்" என்றது கணினி. அவர் வாயடைத்து நின்றார்.

"சார், இப்ப நீங்கதான் ஊமையாயிட்டீங்க."

முதலில் சிரித்தவர் அவர்தான். அதன்பின் பிளஸ் டூ வரலாறு முழுவதையும் அக்காவே பதிவு செய்து முடித்தார்கள். ஒவ்வொரு அப்டேட்டிலும் அந்தச் சோற்று மூட்டை திரும்பி வரும். அன்றைக்கே அக்கா அதை ஓரங்கட்டிவிடுவார்கள்.

நேற்று அடக்கம் முடிந்தது. இன்று நிலையத்துக்குப் போனால் மறுபடியும் அப்டேட், மறுபடியும் ஊமை. எதையாவது கெடுத்துவிடுவேனோ என்று ஃபோல்டரின் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். அக்கா செய்தபடியே பெயரை மாற்றித் திறந்தேன்.

"பதிவு தயார்."

"அக்கா!" என்று நான் கத்தியதில் பொறுப்பாளர் ஓடி வந்துவிட்டார். மேசையில் அக்காவுடைய பிரெயில் புத்தகம் திறந்தபடி இருந்தது. ஜெயித்துவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள் அக்கா, நிம்மதியாகத் தூங்குங்கள்.

விழுப்புரம் கிளை நண்பர்களே, அங்கும் அதே அப்டேட் வந்திருக்கும். பார்வையற்ற நம் வசந்தி நாளைக் காலை அங்கே முதல்முறையாகப் பதிவுக்கு உட்காருகிறாள். அவள் வருவதற்குள் அந்த ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டீர்களா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.